முன்மாதிரிப் பொம்மை கொலை வழக்கு

முன்மாதிரி கொலை செய்யப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டுப்பாடம் முடிந்த கையோடு. கொலையாளிக்கு வயது ஏழு. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. காரியம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, பாலைக் குடித்துவிட்டு, படுத்துத் தூங்கிவிட்டாள். மனசாட்சி உறுத்தியதற்கான அடையாளம் முகத்தில் ஏதும் இல்லை என்று வாரியம் பிற்பாடு சொன்னது. பால் மீசை மட்டும் இருந்தது.

வீட்டில் அவளைத் திருகாணி என்பார்கள். நிற்க வைத்தாலும் சுற்றுவாள், உட்கார வைத்தாலும் சுற்றுவாள். அதனால் வந்த பெயர். அப்பா கறிக்கடைக்காரர். அம்மா தையல்காரி. வீட்டின் தெருப்பக்கத்து அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் கொக்கியில் ஆடு தொங்கும், அந்தப் பக்கம் கொக்கியில் கவுன் தொங்கும். அவசரத்தில் வருகிறவர்கள் பக்கம் மாறிப்போய் ஆட்டைப் பார்த்து, "இதுல என் அளவு இருக்கா?" என்று கேட்டதும் உண்டு.

கறிக்கடைக்காரரைப் பற்றி ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த வினையெல்லாம் அதிலிருந்து முளைத்ததுதான். வாடிக்கையாளரிடம் அவர் 'இல்லை' என்று சொன்னதே கிடையாது.

"என்னங்க, ஒரே கொழுப்பா இருக்கு?"

"ஆமாங்க, எடுத்துடலாம்."

"எலும்பு ஜாஸ்தியா தெரியுதே?"

"ஆமாங்க, எடுத்துடலாம்."

விரல் எங்கே நீள்கிறதோ அங்கே கத்தி போகும். கடைசியில் கையில் கிடைக்கும் பொட்டலத்தைப் பார்த்து வாடிக்கையாளரே, "அவ்வளவுதானா?" என்று கேட்பார். அதற்கும் "ஆமாங்க" தான். தையல்காரியும் அதே ரகம். "இடுப்புல லூசா இருக்கே" என்றால், "பிடிச்சுத் தெச்சிடறேன்." ஒருவர் எடுத்தும் ஒருவர் பிடித்தும் குடும்ப வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இனி கொலை. பெண்குழந்தைச் சீர்மை வாரியத்தின் உத்தரவுப்படி இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் பள்ளியில் ஒரு முன்மாதிரி கொடுக்கப்பட்டது. முன்மாதிரி என்பது முழங்கை உயரத்தில் ஒரு பொம்மை. கழுத்து கொக்குக்கு இருக்க வேண்டியது. இடுப்பை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்துவிடலாம். பாதம் எப்போதும் நுனிக்காலில் எக்கிக்கொண்டிருக்கும். அதனால் முதுகில் கம்பி மாட்டினால்தான் நிற்கும், இல்லாவிட்டால் முகம் குப்புற விழும். விழுந்தாலும் சிரிப்பு மாறாது. பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துப் பார்த்து அதுபோலவே வளர வேண்டும் என்பது ஏற்பாடு.

திருகாணி கொஞ்ச நேரம் பார்த்தாள். வளரவில்லை. சலித்துப்போய், தனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டை விளையாட ஆரம்பித்தாள். அந்த விளையாட்டின் பெயர் 'கடை.' முன்மாதிரியைத் தலைகீழாகத் துணிக்கொடியில் மாட்டினாள். அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி விரல் வைத்து மூட்டு எங்கே என்று பார்த்தாள். "எலும்பு மேல வெட்டினா சில்லு தெறிக்கும் கண்ணு, மூட்டுல வெட்டினா தானா கழண்டு வரும்" என்பார் அவர். தானாகத்தான் கழன்று வந்தது. தொடை தனி, கை தனி, நெஞ்சு தனி, தலை தனி. பழைய நாளிதழில் பொட்டலம் கட்டி, அம்மாவின் நூல்கண்டில் நூல் எடுத்துச் சுற்றி, மறுநாள் காலையில் வகுப்பு டீச்சரின் மேஜையில் வைத்தாள்.

"டீச்சர், உங்களுக்குன்னு நல்ல பீஸா பார்த்துக் கட்டியிருக்கேன்."

டீச்சர் ஆசையாகப் பிரித்தார். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்கு நடுவிலிருந்து ஒரு தலை அவரைப் பார்த்துச் சிரித்தது. டீச்சர் வீழ்ந்தார். வீழும்போது மேஜை முனை நெற்றியைப் பிளந்தது. இந்த வழக்கில் சிந்திய முதல் ரத்தம் அதுதான். ஆனால் வாரியத்தின் கணக்கில் அது சேரவில்லை. இறந்தவர் பொம்மை, காயப்பட்டவர் வெறும் டீச்சர்.

அன்று மாலையே வாரியத்தின் ஆய்வாளர் இரண்டு உதவியாளர் பெண்களோடு வந்து, திறந்துகிடந்த கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். வெள்ளைக் கையுறை போட்ட, மூக்கும் முழியுமான மனிதர். அந்த மூக்கைப் பற்றி அவருக்கே ஒரு பெருமை இருந்தது. பேசும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் பேசுவார்.

அந்த நேரத்தில் வீட்டில் அத்தையும் இருந்தாள். கறிக்கடைக்காரரின் அக்கா. தினமும் மாலை வந்து, திருகாணியை மடியில் கிடத்தி, எண்ணெய் தொட்டு அவள் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டுப் போவது அவளுடைய வழக்கம். பிறந்த நாளிலிருந்து இழுக்கிறாள். மூக்கு அசையவில்லை, அத்தையும் விடவில்லை.

"பிடிச்சுப் பிடிச்சு விட்டாத்தாங்க எடுப்பா வரும்" என்று ஆய்வாளரிடம் விளக்கம் சொன்னாள்.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். "சம்பளம் வாங்காம இவ்வளவு சேவை! உங்கள மாதிரி வீட்டுக்கு ஒரு அத்தை இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா." உடனே குரல் மாறியது. "எங்க அந்த விளையாட்டுச் சாமான்?"

திருகாணியின் கடையைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார்கள். ஒரு மரத்துண்டு, மரக்கத்தி, ஊதா சாயத்தில் தோய்க்கும் ரப்பர் முத்திரை, இரண்டு டப்பா மூடியில் கயிறு கட்டிய தராசு.

"தராசு!" என்றார் ஆய்வாளர். "பொம்பளப் புள்ளைக்குத் தராசு! நாளைக்கே எது எவ்வளவுன்னு எடை போட்டுக் கேக்க ஆரம்பிச்சுட்டாள்னா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

"தப்புதாங்க, எடுத்துடலாம்" என்றார் கறிக்கடைக்காரர்.

எடுக்கும் சிரமத்தை ஆய்வாளர் அவருக்கு வைக்கவில்லை. தராசின் மேல் ஏறி நின்று மிதித்தார். டப்பா மூடி நசுங்கும் சத்தத்துக்குத் திருகாணி பாய்ந்தாள். உதவியாளர் ஒருத்தியின் மணிக்கட்டைக் கடித்தாள். முன்பல் இல்லாததால் பக்கப்பல்லால் கடிக்க வேண்டியிருந்தது, ஆழமாகவே இறங்கியது. அடுத்த உதவியாளர் விட்ட அறையில் திருகாணி சுவரில் மோதி, தையல் மெஷினின் காலடியில் போய்ச் சுருண்டாள்.

தையல்காரி எழுந்துவிட்டாள். "என்னங்க, புள்ளைய அடிக்கிறாங்க!"

"வாரியத்துல அடிக்கிறதுக்குத் தடை இருக்கும்மா" என்றார் ஆய்வாளர், வருத்தத்தோடு. "இதுக்குப் பேரு கன்னத்துக்கு நிறம் வரவழைக்கிறது. பாருங்க, எவ்வளவு அழகா செவந்திருக்கு."

கறிக்கடைக்காரர் பார்த்தார். சிவந்துதான் இருந்தது. கடிபட்டவளின் ரத்தமும், பிள்ளையின் உதட்டு ரத்தமும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் கையில் துடைக்கிற துணி இருந்தது. பழக்கதோஷத்தில், "ஆமாங்க" என்றார்.

"நாளைக்குக் காலையில விசாரணை. குடும்பத்தோட வரணும். அப்பாவும் அம்மாவும் அவங்கவங்க தொழில் சாமானோட வரணும்" என்று சொல்லிவிட்டு, உடைந்த கதவை மரியாதையாகச் சாத்த முயன்று, அது விழுந்ததும் அதன்மேலேயே நடந்து போனார்.

தொழில் சாமான் எதற்கு என்று கறிக்கடைக்காரருக்குப் புரியவில்லை. இரவெல்லாம் யோசித்து, வாரியத்தில் ஏதாவது விருந்து இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

*

வாரியத்தின் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் கேக் மாதிரி இருக்கும். இளஞ்சிவப்புச் சுவர், வெள்ளைப் பூவேலை. வாசல் காவலாளி அத்தையோடு சேர்த்து நால்வரையும் சோதனை போட்டான். கறிக்கடைக்காரரின் வெட்டுக்கத்தியைத் தொட்டுக் கும்பிடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தான். தையல்காரியின் பெரிய கத்தரிக்கோலுக்கும் தடை இல்லை. திருகாணியின் கவுன் பையிலிருந்த ரப்பர் பந்தை மட்டும் பிடுங்கிக்கொண்டான்.

"இதெல்லாம் உள்ள அனுமதி இல்ல. ஓடச் சொல்லும்."

விசாரணைக் கூடத்துக்குப் போகிற நடைபாதையின் இரு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள். முதல் அறையின் பெயர் 'உயரம்'. கூரையில் நீளமாக ஒரு கம்பி. கம்பியில் வரிசையாகப் பெண் குழந்தைகள் தொங்கினார்கள். கணுக்காலில் மணல் மூட்டை. ஒருத்தியின் கை வழுக்கியது. தடாலென்று முழங்கால் தரையில் மோதி உடைந்த சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. பணிப்பெண் ஓடிவந்து, முழங்காலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்து, தரையில் விழுந்த துளியையும் துடைத்து, பிள்ளையைத் தூக்கி மறுபடி மாட்டிவிட்டாள். "கத்தாதே கண்ணு. கத்தினா தாடை அகலமாயிடும்."

அடுத்த அறை 'புன்னகை'. வாயின் இரு ஓரத்திலும் கிளிப் போட்டு, நூலைக் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதற்கடுத்தது 'நிறம்'. அங்கே பூசியிருந்த வெள்ளைக் களிம்பை உரிக்கிற நேரம். கூடவே தோலும் வந்தது. தோல் வந்தது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று ஆய்வாளர் விளக்கினார்.

கறிக்கடைக்காரர் கொக்கிக்குப் பழகிய மனிதர். ஆனால் அவர் தொழிலில் ஒரு வரைமுறை வைத்திருந்தார்: ஓர் ஆடு பார்க்க இன்னோர் ஆட்டை வெட்ட மாட்டார். நடுவில் ஒரு சாக்காவது தொங்கவிடுவார்.

"ஒருத்தர ஒருத்தர் பார்க்கற மாதிரி கண்ணாடி வெச்சிருக்கீங்களே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஊக்கத்துக்காக" என்றார் ஆய்வாளர். "அடுத்தவளுக்கு நம்மள விட இழுத்துக் கட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சாத்தானே ஒரு வெறி வரும்?"

"ஆமாங்க" என்றார் கறிக்கடைக்காரர். சொல்லிவிட்டுப் பிள்ளையின் கண்ணைப் பொத்தினார். அவள் அவர் விரலிடுக்கில் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் சுற்றவில்லை என்பதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

*

விசாரணைக் கூடத்தின் நடுவில், கறுப்புத் துணி விரித்த கண்ணாடிப் பெட்டியில் இறந்தவரின் உறுப்புகளை அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். பக்கத்து அறையிலிருந்து வந்த அலறல் மௌனத்தைக் கெடுத்ததால், ஒருவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு, முதலிலிருந்து மறுபடி காத்தார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தழுதழுத்த குரலில் சாட்சி சொன்னார். "மிகக் கொடூரமான கொலை. உடலுக்குள் இதயம் இல்லை. நுரையீரல் இல்லை. குடல் இல்லை. எல்லாவற்றையும் கொலையாளி முன்கூட்டியே அகற்றியிருக்க வேண்டும்."

"உள்ள ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் திருகாணி. "வெறும் காத்து. எடை போட்டுப் பார்த்தேன், தட்டே இறங்கல."

கூடம் அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

வாரியத் தலைவி அம்மா அப்போதுதான் பேச எழுந்தார். எழுந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் இறுகிய தோல் பெல்ட் ஒன்று அவரைப் பிடித்திருந்தது. அதனால் அவருக்கு வளையவும் முடியாது, முழுதாக மூச்சு இழுக்கவும் முடியாது. அரை அரை வாக்கியமாகத்தான் பேசுவார்.

"உள்ள ஒண்ணும் இல்லாம இருக்கறதுதான்... அதோட அழகு" என்றார். "என்னைப் பாருங்க. எட்டு வயசுல எங்கம்மா... இந்த பெல்ட்ட மாட்டினாங்க. அன்னையிலேருந்து நான்... முழுசா ஒரு மூச்சு விட்டதில்ல. ஒரு வாய் திருப்தியா சாப்பிட்டதில்ல. சிரிச்சதில்ல, வலிக்கும். விட்டிருந்தா, சாப்பிட்டிருந்தா, சிரிச்சிருந்தா... இந்தப் பதவிக்கு வந்திருப்பேனா? எனக்குக் கெடச்ச பாக்கியம்... எல்லாக் குழந்தைக்கும் கெடைக்க வேணாமா? எனக்கு வலிச்சது அவளுக்கு மட்டும்... வலிக்காம போனா... அது நியாயமா?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கினார்.

"அப்பாகிட்ட ஒரு கேள்வி" என்று ஆய்வாளர் ஆரம்பித்தார். "உங்க பொண்ணு மூக்கு கொஞ்சம் சப்பைதானே?"

கறிக்கடைக்காரருக்கு அந்தத் தொனி நன்றாகப் பழகியது. கடையில் தொங்குவதை விரலால் சுட்டிக் கேட்கிற தொனி. வாய் தானாகத் திறந்தது.

"ஆமாங்க."

"முழங்கால் தேஞ்சு கறுத்துப்போய்க் கெடக்கு?"

"ஆமாங்க. விழுந்து விழுந்து எழுந்திருக்கும்ங்க."

"தோள் அகலம். பாதம் தட்டை. காது கொஞ்சம் துருத்தல்."

"ஆமாங்க... எடுத்துடலாம்."

தையல்காரி அவர் விலாவில் இடித்தாள். ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பி இடுப்பைப் பற்றிக் கேட்டதும் அவளும், "இடுப்பு கொஞ்சம் லூசுதாங்க, பிடிச்சு..." என்று ஆரம்பித்து, தான் என்ன சொல்கிறோம் என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தையை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "நான் பொறந்தப்பவே சொன்னேன்" என்றாள்.

தீர்ப்பு உடனே வந்தது. பள்ளியில் ஒரு முன்மாதிரி குறைகிறது. புதுச் சரக்கு வரும்வரை, கொன்றவளே அந்த இடத்தை நிரப்ப வேண்டும். திருகாணி முன்மாதிரியாக, முதுகில் கம்பி மாட்டி, பள்ளி வாசலில் பெட்டிக்குள் நிற்பாள். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுயரச் சட்டம், இரும்பில் செய்தது, உள்ளே முன்மாதிரியின் வடிவத்துக்கே வெட்டிய குழி. திருகாணியைத் தூக்கி அதில் அழுத்தினார்கள். போகவில்லை. ஆய்வாளர் முழங்காலை வைத்து நெஞ்சில் அழுத்தினார். விலா எலும்பு நெறிபடும் சத்தம் கேட்டது, பிள்ளை முகம் நீலம் பாய்ந்தது, அப்போதும் போகவில்லை.

"எதிர்பார்த்ததுதான்" என்று பெருமூச்சு விட்டார் ஆய்வாளர். "அதிகமா இருக்கறத எடுத்துட்டாப் போயிடும். எங்க சீரமைப்பாளர்தான் செய்வாரு. போன வாரம் அவரு பொண்ணுக்கு ஏழு வயசு முடிஞ்சுது. மறுநாளே குடும்பத்தோட ஊரை விட்டு ஓடிட்டாரு. நன்றிகெட்டவர். பரவாயில்ல, உங்களுக்குத் தொழில் தெரியும். நீங்களே கோடு போட்டு, நீங்களே எடுத்துடுங்க. அம்மா பிடிச்சுத் தெச்சுடுவாங்க. அதுக்குத்தான் சாமானோட வரச் சொன்னது."

அப்போதுதான் கறிக்கடைக்காரருக்கு விருந்து எது என்று புரிந்தது.

அவர் கையில் ஒரு தூரிகையையும் கிண்ணத்தில் ஊதா மையையும் கொடுத்தார்கள். அந்த மை அவருக்குத் தெரியும். வெட்டிய ஆட்டின் தொடையில் முத்திரை குத்துகிற மை. தோலில் பட்டால் லேசில் போகாது. கூடம் முழுக்க அவரையே பார்த்தது. காத்திருக்கிற வாடிக்கையாளர்களின் பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் அவர் கை என்றைக்கும் நின்றதில்லை. இன்றும் நிற்கவில்லை. தூரிகை மையில் தோய்ந்தது, நீண்டது, மகளின் மூக்கு நுனியில் ஒரு கோடு போட்டது.

திருகாணி அசையவில்லை.

பிறந்ததிலிருந்து தூங்கும்போதுகூட ஓர் இடத்தில் கிடக்காத பிள்ளை. தலைவாரும்போது சுற்றுவாள், சாப்பிடும்போது சுற்றுவாள், காய்ச்சலில் சுற்றுவாள். இப்போது கொடியில் மாட்டிய முன்மாதிரி மாதிரி, கையைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, நுனிக்காலில் எக்கி நின்றாள். அப்பா வேலை செய்யும்போது ஆடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். உதடு மட்டும் அசைந்தது.

"அப்பா, நான் எத்தன கிலோ வருவேன்?"

தூரிகை கீழே விழுந்தது.

"அடுத்தது முழங்கால்" என்றார் ஆய்வாளர், விரலை நீட்டி.

"இல்லீங்க" என்றார் கறிக்கடைக்காரர்.

வாயில் அந்தச் சொல் புழங்கிப் பழக்கமில்லாததால், குரல் உடைந்து, இருமல் மாதிரி வந்தது. ஆய்வாளருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"இது விக்கிறதுக்கு இல்லீங்க."

ஆய்வாளர் திருகாணியின் சடையைப் பிடித்துச் சட்டத்துக்குள் இழுத்தார். கொத்தாக முடி கையோடு வந்தது. அடுத்த கணம் 'உயரம்' அறைக்குப் போக வேண்டிய மணல் மூட்டை ஒன்று பக்கவாட்டில் பறந்து வந்து, அவருடைய பெருமைக்குரிய இடத்தில் இறங்கியது. வீசிய கறிக்கடைக்காரர் அதுவரை கொசுவைக்கூட "தள்ளிக்கோ" என்று சொல்லிவிட்டு அடிக்கிறவர். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளைக் கையுறை முழங்கைவரை சிவந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வாரியம் 'அசம்பாவிதம்' என்றது. உதவியாளர்கள் கறிக்கடைக்காரரின் முதுகில் தொங்கினார்கள். அவர் அவர்களோடு சேர்ந்தே சட்டத்தை நோக்கி நடந்து, வெட்டுக்கத்தியை ஓங்கினார். இரும்பில் பட்டுத் தீப்பொறி பறந்தது. சட்டம் அசையவில்லை.

"மூட்டு!" என்று கத்தினாள் திருகாணி, சுற்ற ஆரம்பித்தபடி. "அப்பா, மூட்டுல வெட்டு! கீழ பாரு, ஆணி!"

கீல் ஆணியில் கத்தி விழுந்தது. கீல் கழன்றது. சட்டம் தானாகக் கழன்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரின் கால்மேல் சாய்ந்தது. அவருடைய பாதத்தில் எலும்புகள் உண்டு என்பது ஊர்ஜிதமாயிற்று. தையல்காரி கத்தரிக்கோலோடு நடைபாதைக்கு ஓடினாள். கண்ணாடிச் சுவர் ஒவ்வொன்றும் நாற்காலிக்கு ஒன்றாக உடைந்தது. அவள் மணல் மூட்டைக் கயிற்றை வெட்டினாள், கிளிப் நூலை வெட்டினாள், தடுக்க வந்தவர்களின் உடுப்பை வெட்டினாள், ஒருத்தியின் கையிலும் கொஞ்சம் வெட்டினாள். அவிழ்த்துவிடப்பட்ட பிள்ளைகள் ஓடவில்லை. பாய்ந்தார்கள். புன்னகை அறைப் பிள்ளைகள், சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டியிருக்க, பணிப்பெண்ணின் காதைக் கடித்தார்கள். அறைகளில் நிறுத்தியிருந்த முன்மாதிரிகள் காலைப் பிடித்துச் சுழற்றப்பட்டன. வன்முறை எதற்கும் தீர்வல்ல என்று ஒலிபெருக்கியில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொம்மைத் தலை போய் அதன் வாயை அடைத்தது.

இந்த அமளியில் அத்தை மட்டும் கடமை தவறவில்லை. தரையில் கிடந்த ஆய்வாளரின் தலையைத் தூக்கி மடியில் கிடத்தினாள். "ஐயோ பாவம், எவ்வளவு எடுப்பான மூக்கு! இருங்க, பிடிச்சு விட்டா நேராயிடும்" என்று, நொறுங்கிய எலும்பை இரண்டு விரலால் பற்றி, எண்ணெய்கூட இல்லாமல் இழுத்தாள். அவர் போட்ட அலறலில், தன் ஆயுளில் முதன்முறையாக அத்தை கையை எடுத்தாள். எடுத்த விரல்களைப் பார்த்தாள். "வலிக்குமாடி இது?" என்று திருகாணியைக் கேட்டாள்.

"தெனமும்" என்றாள் திருகாணி, ஓடிக்கொண்டே.

கடைசியாகத் தையல்காரி தலைவி அம்மாவிடம் வந்தாள். அவரால் ஓட முடியாது, குனிய முடியாது. மேடையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"வேணாம்" என்றார் தலைவி அம்மா. "இது போனா நான்... நிக்க மாட்டேன்."

தையல்காரி இன்னும் நெருங்கினாள். பெல்ட்டுக்கு அடியில் கத்தரிக்கோலைச் செருகினாள். தடித்த தோல்; இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தலைவி அம்மா மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். எட்டு வயதிலிருந்து பாக்கி இருந்ததையெல்லாம் இழுத்து, பிறகு வெளியே விட்டார். அது ஓர் ஓலமாக வந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்களும் அடிபட்டுக்கொண்டிருந்தவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் சொன்னபடியே அவரால் நிற்க முடியவில்லை. தையல்காரியின் தோளில் சரிந்து, தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பசிக்குது" என்றார், முழு வாக்கியமாக.

*

வாரியத்தை மூடிவிட்டார்கள் என்று நினைத்தால் நாமும் கறிக்கடைக்காரர் மாதிரி அப்பாவிகள்தான். இன்னும் உறுதியான கண்ணாடி உள்ள கட்டடத்துக்கு மாறியது. தலைவி அம்மா உடல்நலக் காரணங்களுக்காக, அதாவது உடல் நலமானதால், பதவி விலகினார். மூக்கு கோணியவர் குழந்தைகள் முன் நிற்கத் தகுதியற்றவர் என்று வாரியத்தின் விதியே சொன்னதால் ஆய்வாளரும் வீட்டுக்குப் போனார். வீட்டுக்கு ஓடிப்போன பிள்ளைகளில் சிலரை அவரவர் அம்மாக்களே மறுநாள் காலையில் தலைவாரிக் கூட்டிக்கொண்டு போய்ப் புது வாசலில் விட்டார்கள்.

திருகாணியின் மூக்கில் ஊதாக் கோடு போகவில்லை. சோப்பு போட்டார்கள், எண்ணெய் போட்டார்கள். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று யோசனை மட்டும் சொன்னாள். பள்ளியில் பிள்ளைகள் "என்னடி அது?" என்று கேட்டதற்கு, "எங்கப்பா போட்டது" என்று சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு நேரத்தில் அதை அவளே சொன்னாள், சாதாரணமாக. கறிக்கடைக்காரர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் வந்து, தொங்கியதைச் சுட்டி, "கொழுப்பு ஜாஸ்தியா இருக்கே" என்றார்.

"இருக்கட்டுங்க. அதுவும் அதோடதுதான்."

வாடிக்கையாளர் முறைத்துவிட்டுப் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனார். கறிக்கடைக்காரர் நெடுநேரம் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது, முத்திரை மைக் கிண்ணத்தோடும் விரல் நிறைய ஊதாவோடும் திருகாணி பின்னால் நின்றிருந்தாள்.

"அப்பா, கடை விளையாட்டு. நீ தொங்கு. நான் வாங்க வந்திருக்கேன்."

அவர் கொக்கிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஸ்டூலில் ஏறி, அவர் மூக்கில் ஒரு கோடு போட்டாள். "இது கோணல்." காதில் ஒன்று. "இது துருத்தல்." தொப்பையைச் சுற்றி வட்டமாக. "இது ரொம்ப ஜாஸ்தி." முழங்கை, முழங்கால், கட்டை விரல் என்று அவரைச் சுற்றிச் சுற்றி வந்து கோடு போட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும், "ஆமாங்க" என்றார். மை தீர்ந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டா என்னங்க மிஞ்சும்?" என்று கேட்டார்.

அவள் எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "மீசை."

தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. தையல்காரி சிரிக்கும் சத்தம் கேட்டது. கறிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பியை விடாமல், குரலைச் சரிசெய்துகொண்டு, கடைக்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டார். "எங்கேருந்து வெட்டட்டுங்க?"

"வெட்ட வேணாம். முழுசா எடுத்துக்கறேன்."

"பொட்டலம் கட்டட்டுங்களா?"

"வேணாம். தூக்கிட்டே போயிடறேன்" என்று அவள் அவர் காலைக் கட்டிப்பிடித்து, பல்லில்லாத வாயை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. விடவும் இல்லை.